அடித்தவர் எங்கே? திருகோணமலையில் பெண்கள் மீதான ஆண்களின் வன்முறையை ஆய்வு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

என்னுடைய முதல் களக் குறிப்பேட்டை அண்மையில் எடுத்துப் பார்த்தேன். மாவட்டத்தில் ஒரு கிராமம். பெயரை ஏன் சொல்லவில்லை என்பது எட்டாம் படியில் விளங்கும். ஒரு பெண்ணோடு இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் பஸ்ஸில் இருந்தபடியே எழுதியிருக்கிறேன்: "கலியாணமாகி ஆறு மாதத்தில் அடி வாங்கத் தொடங்கினார். மூன்று தடவை வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். கடைசித் தடவை கை முறிந்தது." நான்கு பக்கம் இப்படியே போகிறது. அடி வாங்கியது அவர், அனுமதிக்கப்பட்டது அவர், முறிந்தது அவருடைய கை. அடித்த ஆள் ஒரு வசனத்தில்கூட இல்லை. எங்கள் மொழி இதற்கு நன்றாகவே இடம் கொடுக்கிறது. கடையில் சாமான் வாங்குவதுபோல் அடியைக்கூடப் பெண்ணே "வாங்கி"விடுகிறாள்.

அந்தக் குறிப்பேட்டிலிருந்து நான் கற்றதுதான் இந்த வழிகாட்டி. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் இறுதியாண்டு ஆய்வு செய்யும் பிள்ளைகள், நிறுவனங்களுக்காகக் களத்துக்குப் போகிறவர்கள், பிரதேச செயலகத்தில் தகவல் திரட்டும் உத்தியோகத்தர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். களத்தில் நாங்கள் எதைப் பற்றிக் கேட்கிறோம் என்று அடிக்கிற ஆளுக்குத் தெரியக்கூடாது. தாளில் அந்த ஆள் காணாமல் போகக்கூடாது. வேலையின் கஷ்டம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

படி 1: ஏற்கெனவே எண்ணியதை வாசியுங்கள்

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நாடு முழுவதும் பெண்கள் நலவாழ்வு அளவீட்டை நடத்தியது. துணையோடு வாழ்ந்த, வாழ்கிற பெண்களில் 20.4 சதவீதத்தினர் மீது வாழ்நாளில் ஒரு தடவையாவது அந்தத் துணை உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறை செய்திருக்கிறார் என்பது அதன் முடிவு. அதற்கு முன் 2016 ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார அளவீட்டில் வந்தது 17 சதவீதம். "மூன்று வருடத்தில் மூன்று சதவீதம் கூடிவிட்டது" என்று ஒரு மாணவி எழுதிக்கொண்டு வந்தார். அப்படி இல்லை. 2016 இல் கேட்டது 15 முதல் 49 வயதுக்குட்பட்ட, திருமணமான பெண்களிடம், கடந்த 12 மாதங்களைப் பற்றி. 2019 இல் கேட்டது வாழ்நாள் முழுவதையும் பற்றி. வன்முறை என்று எதை எதை எண்ணினார்கள் என்பதும் வேறு. ஓர் எண்ணைக் கண்டால் யாரிடம், எந்தக் காலத்தைப் பற்றி, என்ன சொல்லிக் கேட்டார்கள் என்று முதலில் பாருங்கள்.

இவை பெண்களிடம் கேட்டவை. ஆண்களிடமே கேட்ட ஆய்வுகள் குறைவு. ஐக்கிய நாடுகள் அமைப்புகள் சேர்ந்து செய்து 2013 இல் வெளியிட்ட ஆசிய பசிபிக் ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆறு நாடுகளில் 10,000க்கும் மேற்பட்ட ஆண்கள் பதில் சொன்னார்கள். இலங்கையில் கொழும்பு, ஹம்பாந்தோட்டை, நுவரெலியா, மட்டக்களப்பு என்று நான்கு மாவட்டங்கள். எங்களுக்குப் பக்கத்து மாவட்டம் வரைக்கும் வந்திருக்கிறது. திருகோணமலை ஆண்கள் என்ன சொல்வார்கள் என்ற கேள்வி உங்களுக்காகக் காத்திருக்கிறது.

படி 2: உதவிக்கான வழி முதலில், வினாக்கொத்து பிறகு

உலக சுகாதார நிறுவனம் 2001 இல் வெளியிட்ட நெறிமுறைகளில், ஒரு பெண் உதவி கேட்டால் எங்கே அனுப்புவது என்று முன்கூட்டியே ஒழுங்கு செய்யச் சொல்லியிருக்கிறது. பலரும் இதை ஒரு தொலைபேசிப் பட்டியலோடு முடித்துவிடுகிறார்கள். அது போதாது. பட்டியலில் உள்ள ஒவ்வோர் இடத்துக்கும் நீங்களே ஒரு தடவை போய் வாருங்கள், பஸ்ஸில். வெருகலிலிருந்து நகரத்துக்கு வந்து திரும்ப ஒரு பெண்ணுக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு காசு, பிள்ளையை யாரிடம் விடுவது என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கும். 1938 பெண்கள் உதவி இலக்கத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்: தமிழில் பேச எவ்வளவு நேரம் பிடிக்கிறது? பிள்ளைகள் விஷயம் என்றால் 1929. அரச வைத்தியசாலைகளில் நட்பு நிலையம் என்ற பெயரில் இயங்கும் பிரிவுகள், பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பணியகம், பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் உளவளத்துணை உத்தியோகத்தரும். ஒவ்வொருவரையும் முகம் பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள்.

சட்டத்தில் அடிப்படையாவது தெரிய வேண்டும். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாள் வரை செல்லும், முழுக் கட்டளை 12 மாதம் வரை. பெண்ணின் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். காதி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் முஸ்லிம் பெண்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். விவாகரத்து, தாபரிப்பு போன்றவற்றுக்குத்தான் அது. பாதுகாப்புக் கட்டளை எந்தச் சமூகத்துப் பெண்ணும் கேட்கக்கூடியது. இன்னொன்று: நீதிமன்றத் தீர்ப்பின்படி பிரிந்து வாழாத வரைக்கும், கணவன் மனைவியை வன்புணர்வது எங்கள் தண்டனைச் சட்டக் கோவையில் குற்றமாகாது. 1995 திருத்தத்திலும் அது குற்றமாக்கப்படவில்லை. ஆகவே சட்டத்தின் சொற்களை வைத்து வினாக்கொத்து எழுதினால் பெரியதொரு பகுதி உங்கள் கண்ணுக்கே படாது.

படி 3: பெயரும் அனுமதியும்

மேலே சொன்ன தேசிய அளவீட்டின் பெயரைக் கவனித்தீர்களா? "பெண்கள் நலவாழ்வு". வன்முறை என்ற சொல் தலைப்பில் இல்லை. கேட்பது பொய் அல்ல, நலத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் கணவனுக்கு அந்தத் தலைப்புப் போதும். முழு விவரத்தையும் பெண்ணிடம் தனியாக, உள்ளே போன பிறகு சொல்லிச் சம்மதம் கேட்கிறோம்.

நெறிமுறைக் குழுவின் அனுமதியை எடுத்த பிறகு கிராம உத்தியோகத்தர், பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் நிர்வாகம், மாதர் சங்கம் என்று ஒரு சுற்று இருக்கிறது. எல்லோருக்கும் சொல்வது அதே நலவாழ்வுக் கதைதான். மாதர் சங்கத் தலைவியிடம் மட்டும் இரட்டிப்புக் கவனம் வேண்டும். நல்ல மனசோடு, "எங்கட ஊர்ல அப்படி நாலு பேர் இருக்காங்க மிஸ், நான் கூட்டிட்டு வாறன்" என்பார். அந்த நாலு பேரும் 2004 சுனாமிக்குப் பிறகும், 2006 இடப்பெயர்வுக்குப் பிறகும், 2009 இல் யுத்தம் முடிந்த பிறகும் வந்த ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அதே கதையைச் சொல்லிக் களைத்தவர்கள். ஊருக்குத் தெரிந்த நாலு பேரைத் தவிர வேறு எவருக்கும் அடி விழுவதில்லை என்று ஆகிவிடுவதுதான் அதன் மறுபக்கம்.

படி 4: கேள்விகளை எழுதுதல்

"உங்களுக்கு எதிராக வன்முறை நடந்திருக்கிறதா?" என்று கேட்டால் பதில் "இல்லை". கிண்ணியாவிலும் இல்லை, உவர்மலையிலும் இல்லை. வன்முறை என்பது பத்திரிகையில் வருகிற சொல். குசினியில் அந்தச் சொல் கிடையாது. "கை நீட்டுவார்", "குடிச்சா ஆள் மாறிடும்", "சின்னப் பிரச்சினைதான்" என்பவைதான் இருக்கின்றன.

ஆகவே செயலைக் கேளுங்கள். கன்னத்தில் அறைந்திருக்கிறாரா? ஏதாவது சாமானை எடுத்து எறிந்திருக்கிறாரா? தள்ளி விழுத்தியிருக்கிறாரா? மயிரைப் பிடித்து இழுத்திருக்கிறாரா? காலால் உதைத்திருக்கிறாரா? கழுத்தை நெரித்திருக்கிறாரா? சுட்டிருக்கிறாரா? கத்தியைக் காட்டியிருக்கிறாரா? உலக சுகாதார நிறுவனத்தின் பல நாட்டு ஆய்வு இப்படித்தான் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் வாழ்நாளிலா, கடந்த 12 மாதத்திலா, ஒரு தடவையா, பல தடவையா என்று தொடருங்கள். முதல் கேள்விக்கு "சீச்சீ, அவர் நல்லவர்" என்ற ஒரு பெண் ஐந்தாவது கேள்வியில் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது அடி இல்லைத்தானே மிஸ்?" என்று என்னிடம் கேட்டார்.

இந்தக் கேள்விகளின் இலக்கணத்தையும் பாருங்கள். ஒவ்வொன்றின் வினைமுற்றும் "-இருக்கிறாரா" என்று அடிக்கிற ஆளில் போய் நிற்கிறது. "அறை வாங்கியிருக்கிறீர்களா?" என்று திருப்பிப்போட்டால், அவள் என்ன செய்தாள் என்று விசாரிப்பதுபோல் ஆகிவிடும். காதுக்கு அது கொஞ்சம் மரியாதையாகப் படும், அதில் ஏமாந்துவிடாதீர்கள்.

பாலியல் கேள்விகளில்தான் மொழி மிகவும் சோதிக்கும். "உடலுறவு" பாடப்புத்தகச் சொல். "சேருவது" பல இடங்களில் விளங்கும், சில இடங்களில் சிரிப்பை வரவழைக்கும். "உங்களுக்கு விருப்பமில்லாத நேரத்தில், மறுத்தால் என்ன செய்வாரோ என்ற பயத்தில் இணங்கியிருக்கிறீர்களா?" என்ற கேள்வி எனக்கு எல்லா இடத்திலும் கை கொடுத்தது. பலவந்தத்தைப் பற்றிக் கேட்டபோது இல்லை என்றவர்கள் இதற்கு ஓம் என்றார்கள். தமிழ்ப் பெண்களோடும் முஸ்லிம் பெண்களோடும் ஒரே தமிழ் வினாக்கொத்துப் போதும் என்று நினைக்க வேண்டாம். இரு பக்கத்திலும் ஐந்தாறு பேருக்கு வாசித்துக் காட்டித் திருத்துங்கள். மொறவெவ, கோமரங்கடவல பக்கம் போவதானால் சிங்களத்துக்கு மாற்றி, வேறொருவரைக் கொண்டு மறுபடி தமிழுக்குக் கொண்டுவந்து ஒத்துப் பாருங்கள்.

படி 5: இடமும் நேரமும்

"பகலில் ஆண்கள் வேலைக்குப் போய்விடுவார்கள், அப்போது போகலாம்" என்று கொழும்பில் போட்ட திட்டம் எங்கள் கடற்கரையில் முதல் நாளே கவிழ்ந்தது. இரவில் கடலுக்குப் போகிறவர் பகலில் வீட்டில் படுத்திருப்பார், அல்லது முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருப்பார். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கிழமைக் கணக்கில் வீட்டில்தான். நெல் வயல் பக்கமான தம்பலகாமத்தில் கணக்கு வேறு: விதைப்பும் அறுவடையும் ஆண்களை மட்டுமல்ல பெண்களையும் வீட்டில் விடாது. கிண்ணியா, மூதூரில் வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் ஆண்கள் இருக்கமாட்டார்கள் என்பது சரி. ஆனால் அந்த நேரம் ஒரு நீள நேர்காணலுக்குக் காணாது, பாதியில் வந்துவிடுவார்கள். நுண்கடன் கட்டுகிற நாளில் எந்த ஊருக்கும் போகாதீர்கள். பெண்ணின் மனசு அன்றைக்கு வேறெங்கோ இருக்கும்.

வீட்டில் தனி அறை கிடைப்பது அபூர்வம். மாமியார் விறாந்தையில் இருப்பார், பக்கத்து வீட்டு வேலிக்குக் காது இருக்கும். கிளினிக் நாளில் குடும்பநல உத்தியோகத்தரின் அறையைக் கேட்டு வாங்கிப் பேசியவை என்னுடைய நேர்காணல்களில் மிகவும் நிம்மதியானவை. பெண் அங்கே வருவதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

யாராவது உள்ளே வந்தால் மாற்றிப் பேசுவதற்கு ஒரு சின்ன வினாக்கொத்து வைத்திருங்கள்: தாய்ப்பால், இரும்புச்சத்து, தண்ணீர். அதைப் பெண்ணிடம் முதலே சொல்லிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் திடீரென்று இரும்புச்சத்துக்குத் தாவுவதைப் பார்த்து அவரே குழம்பிவிடுவார். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையையும் ஒரு சாட்சியாகவே கணக்கெடுங்கள். "அம்மா அழுதவ" என்று ஒரு குழந்தை இரவு அப்பாவிடம் சொன்னால் போதும்.

ஒரு வீட்டில் ஒரு பெண்தான். மாமியாரிடமும் மருமகளிடமும் அதே கேள்விகளைக் கேட்டால் இருவருக்கும் மற்றவரிடம் என்ன கேட்டீர்கள் என்று தெரிந்துவிடும்.

படி 6: நேர்காணல்

கையெழுத்து வாங்காதீர்கள். வாய்மொழிச் சம்மதத்தைக் கேட்டவர் குறித்துக்கொள்வது போதும். ஆய்வு விளக்கத் தாளையும் வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். உதவி இலக்கங்களைக் கொடுக்க விரும்பினால் மின்சாரசபை, அம்புலன்ஸ், பஸ் நிலையம், கிளினிக் எல்லாவற்றோடும் கலந்து சின்னத் துண்டில் அச்சடியுங்கள். அதையும் வேண்டாம் என்கிற பெண் இருப்பார். வற்புறுத்தக்கூடாது, தன் வீட்டின் ஆபத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

"ஏன் நீங்கள் விட்டுட்டுப் போகவில்லை?" என்ற கேள்வி எந்த வடிவத்திலும் வேண்டாம். "அவர் என்ன செய்வார் என்று நினைத்தீர்கள்?" என்று கேளுங்கள். அதே தகவல் கிடைக்கும், பழி இடம் மாறும்.

முடிக்கும்போது அழுகையோடு முடிக்காதீர்கள். யாரிடம் போனார், எப்படிச் சமாளித்தார், பிள்ளைகளை எப்படிக் காப்பாற்றினார் என்ற கேள்விகளைக் கடைசிக்கு வையுங்கள்.

கேட்கிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயிற்சிக்கு மூன்று நாள் என்று திட்டத்தில் எழுதாதீர்கள். மூன்று வாரம் கேளுங்கள். உங்கள் குழுவிலேயே இதை அனுபவித்தவர் இருப்பார். எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி பயிற்சியின் நான்காம் நாள் எழுந்து வெளியே போய்விட்டார். வினாக்கொத்துக்கு அவரே மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். தினமும் பின்னேரம் பிளேன்டீயோடு அரை மணி நேரம் குழுவாக இருந்து பேசுவதை வேலை நேரமாகவே கணக்கில் போட்டுச் சம்பளம் கொடுங்கள்.

படி 7: ஆண்களிடம் கேட்டல்

பெண்களிடம் கேட்ட ஊரில் ஆண்களிடம் கேட்காதீர்கள். மனைவிக்கு ஒரு வினாக்கொத்து, கணவனுக்கு இன்னொன்று என்று கொண்டுபோனால், தன்னைப் பற்றி அவள் ஏதோ சொல்லிவிட்டாள் என்றுதான் அவன் நினைப்பான். 2013 ஆய்விலும் ஆண்களையும் பெண்களையும் வெவ்வேறு இடங்களிலிருந்தே எடுத்தார்கள். இன்னொரு விஷயத்தையும் அங்கிருந்து கற்கலாம். பாலியல் கேள்விகளை ஆள் நேரில் கேட்கவில்லை. பெரும்பாலான இடங்களில் சிறு கருவியில் காதால் கேட்டுத் தானே பதிலை அழுத்த விட்டார்கள். வன்புணர்வு என்ற சொல்லையும் பாவிக்கவில்லை, செயலைச் சொல்லித்தான் கேட்டார்கள். செய்தேன் என்று சொன்ன ஆண்களில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கினர், அது தங்களுக்கு உரியது என்ற எண்ணத்தைக் காரணமாகச் சொன்னார்கள். குடியைக் காரணம் காட்டியவர்கள் நான்கில் ஒரு பங்கு அளவில்தான்.

இந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறேன். எங்கள் ஊர் அறிக்கைகளில் முதல் காரணம் எப்போதும் குடி, இரண்டாவது யுத்தம், மூன்றாவது வறுமை. கேட்கவே கூடாத காரணங்கள் அல்ல; மூன்றும் வீடுகளை உடைத்திருக்கின்றன. ஆனால் கசிப்புக் குடித்தவர் சந்தியில் நின்ற பொலிஸ்காரரை அடிக்கவில்லை, கூலி கொடுக்காத முதலாளியை அடிக்கவில்லை, வீடு வரைக்கும் நடந்து வந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் கையை ஓங்குகிறார். அவ்வளவு தூரம் தெரிவு செய்யத் தெரிந்த ஒருவரைப் போத்தலுக்குப் பின்னால் ஒளித்துவைக்கக்கூடாது. வினாக்கொத்தில் "யாரை அடிக்கவில்லை?" என்ற கேள்விக்கும் ஓர் இடம் விடுங்கள்.

ஆண்களிடம் கேட்க ஆண்களை அனுப்புவோம். அதில் ஒரு குழி இருக்கிறது. "தம்பியும் கலியாணம் கட்டின ஆள்தானே, விளங்கும்தானே" என்று பதில் சொல்பவர் சிரிப்பார். எங்கள் ஆளும் மரியாதைக்குத் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலோடு அது ஆய்வாக இல்லாமல் இரண்டு ஆண்களின் ஊர்க்கதையாகிவிடுகிறது. ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டபோது எங்கள் பையன் பதினொரு தடவை "ஓம் அண்ணை, அதுதான்" என்று சொல்லியிருந்தார். அவர் கெட்டவர் அல்ல, பழக்கம். "பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று நிதானமாகக் கேட்பதை ஒத்திகை பார்த்துப் பழக வேண்டும். "சும்மா ஒரு தட்டுத் தட்டினேன்" என்றால், எந்தக் கையால், எங்கே, அவர் விழுந்தாரா, காயம் வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தட்டு மெல்ல மெல்லப் பெரிதாகும்.

படி 8: தரவும் அடையாளமும்

திருகோணமலை சின்ன இடம். "கடற்கரைக் கிராமத்தைச் சேர்ந்த, தையல் வேலை செய்யும், இரட்டைப் பிள்ளைகளின் தாய்" என்று எழுதினால் அது பெயரை எழுதியதற்குச் சமம். பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளில் எது என்று சொல்வதுகூடச் சில வேளை கூடிவிடும், சிறுபான்மையாக ஒரு சமூகம் வாழும் பிரிவென்றால் கட்டாயம் கூடிவிடும். விவரங்களை மாற்றுங்கள் அல்லது பொதுவாகச் சொல்லுங்கள்; இரண்டு மூன்று பேரின் விவரங்களைக் கலந்து ஒருவராக எழுதாதீர்கள். குழுவுக்குள் வட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புவதை முதல் நாளே நிறுத்துங்கள். பெயர்ப் பட்டியல் ஓரிடம், பதில்கள் இன்னோரிடம், இரண்டும் ஒரே பையில் பஸ்ஸில் வரக்கூடாது. பெண்ணின் தொலைபேசியில் உங்கள் இலக்கத்தை "கிளினிக் மிஸ்" என்று பதியச் சொல்லுங்கள். மறுமுனையில் ஆண்குரல் கேட்டால் பேசவேண்டியதும் கிளினிக் கதைதான்.

படி 9: எழுதுதல்

அறிக்கையின் முதல் வரைவை முடித்ததும் ஒரு சிவப்புப் பேனாவோடு இருந்து, ஒவ்வொரு வசனத்திலும் எழுவாயைத் தேடிக் கோடிடுங்கள். "பெண்கள் வன்முறைக்கு ஆளாகின்றனர்", "குடும்ப வன்முறை அதிகரித்துக் காணப்படுகிறது", "பாதிப்புக்குள்ளான பெண்கள்" என்று வரிசையாக வரும். யார் ஆளாக்கினார்? குடும்பம் கையை ஓங்குமா? தெரிந்த இடத்திலெல்லாம் கணவன், காதலன், தகப்பன், மாமா என்று போடுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள். எண்களையும் அப்படியே: "ஐந்து பெண்களில் ஒருவர்" என்று தேசிய முடிவைச் சொல்கிறோம், அதே முடிவை "ஐந்து பெண்களில் ஒருவரின் துணை" என்று தொடங்கி எழுதிப் பாருங்கள், வசனம் வேறு பக்கம் திரும்பும்.

எங்கள் அறிக்கை அச்சுக்குப் போகுமுன் மொழி பார்ப்பதற்கு ஒரு பெரியவரிடம் கொடுத்தோம். நல்ல தமிழறிவு உள்ளவர், எங்கள் சந்திப் பிழைகளுக்கெல்லாம் மருந்து போட்டிருந்தார். கூடவே "கணவன் அடித்த பெண்கள்" என்று நாங்கள் எழுதிய இடமெல்லாம் "அடிபட்ட பெண்கள்" என்று திருத்தியிருந்தார், பதினேழு இடத்தில். தொலைபேசியில் கேட்டேன். "இதுதான் பிள்ளை இலட்சணமாக இருக்கு, அது கொஞ்சம் குத்துது" என்றார். சந்திகளை அவர் திருத்தியபடியே விட்டோம். பதினேழு இடத்திலும் கணவனைத் திரும்பப் போட்டோம்.